சொல்ச்சிக்கி: கொரிய மொழியில் மனதில் பட்டதைச் சொல்ல ஒரு சிறு சொல்

கொரிய டிராமா பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் காதில் "சொல்ச்சிக்கி" என்ற சொல் கட்டாயம் விழுந்திருக்கும். காதலர்கள் சண்டை போடும்போது வரும். அலுவலகத்தில் இரண்டு பேர் ஒதுங்கி நின்று மேலாளரைப் பற்றிப் பேசும்போது வரும். சமையல் போட்டியில் நடுவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறக்கும்போதும் வரும். சப்டைட்டிலில் "உண்மையைச் சொன்னால்" என்றோ "நிஜமாகவே" என்றோ போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துக் கொரிய மொழி கற்க ஆரம்பித்தவர்கள் பலர், இந்தச் சொல்லை எடுத்து எல்லா வாக்கியத்தின் தலையிலும் வைத்துவிடுகிறார்கள்.

இதைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் பரவலாக இருக்கின்றன. ஒன்று, "நிஜமாகவே" என்று பொருள்படும் "ஜின்ச்சா", "ஜொங்மல்" மாதிரி இதுவும் அழுத்தம் கொடுக்கிற ஒரு சொல்தான் என்பது. இன்னொன்று, இதை முன்னால் போட்டுவிட்டால் எந்தக் கருத்தையும் தைரியமாகச் சொல்லலாம், கேட்பவர் தவறாக நினைக்க மாட்டார் என்பது. இரண்டாவது எண்ணத்தால்தான் அதிகம் மனக்கசப்பு வருகிறது. ஆகவே இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்து, கொரிய மொழி துளியும் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி பார்த்துவிடலாம்.

இண்டிகேட்டர் போடுவது எதற்காக?

வண்டி ஓட்டுபவர் திரும்புவதற்கு முன்னால் இண்டிகேட்டர் போடுகிறார். இண்டிகேட்டர் வண்டியைத் திருப்புவதில்லை. "நேராகப் போவேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், நான் திரும்பப் போகிறேன்" என்று பின்னால் வருபவருக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். நேராகவே போய்க்கொண்டிருக்கிறவர் இண்டிகேட்டரை எரியவிட்டால் பின்னால் வருபவர் குழம்புவார். இண்டிகேட்டர் போட்டுவிட்டோமே என்று வேகம் குறைக்காமல் திருப்பினாலும் ஆபத்துதான்.

சொல்ச்சிக்கி செய்கிற வேலை இதுதான். கேட்பவர் ஒரு பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். "நன்றாக இருக்கிறது", "பரவாயில்லை", "எனக்கு ஒன்றும் இல்லை" போன்ற பதில். நீங்கள் அதைச் சொல்லப் போவதில்லை, உள்ளே இருப்பதைச் சொல்லப் போகிறீர்கள். அந்தத் திருப்பத்துக்கு முன்னால் போடுகிற இண்டிகேட்டர்தான் இந்தச் சொல். பின்னால் வரும் செய்தி உண்மை என்று அது சத்தியம் செய்வதில்லை. இதுவரை மூடி வைத்திருந்ததைத் திறக்கிறேன் என்று அறிவிக்கிறது.

இதை மனதில் வாங்கிக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம்

எழுத்துக் கூட்டிப் படித்தால் இது "சொல் - ஜிக் - ஹி" என்று மூன்று அசை. பேச்சில் அப்படி வராது. "ல்" ஒலிக்குப் பின்னால் வரும் "ஜி" இறுகி "ச்சி" ஆகிவிடும். "க்" என்ற ஒலியும் "ஹ்" என்ற ஒலியும் சேர்ந்து, மூச்சுக் காற்று வெளியே வருகிற "க்கி" ஆகிவிடும். அதனால்தான் காதில் "சொல்ச்சிக்கி" என்று விழுகிறது. தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. "பச்சை" என்று சொல்லும்போது வருகிற "ச்ச" ஒலி, கொரிய மொழியின் அந்த இறுகிய ஒலிக்கு மிக அருகில் இருக்கிறது. பழக வேண்டியது கடைசி "கி" மட்டும்தான். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். அந்த எழுத்தில் கையில் காற்றுப் பட வேண்டும்.

முதல் அசை நம்முடைய "சொல்" மாதிரியே ஒலிக்கிறது. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள வசதியான ஒற்றுமை.

இது சீன எழுத்துகளின் வழியாகக் கொரிய மொழிக்கு வந்த சொல். இரண்டாவது அசையான "ஜிக்" என்பதற்கு "நேரான" என்று பொருள். சாலையில் "நேராகப் போங்கள்" என்பதற்குக் கொரியர்கள் சொல்லும் "ஜிக்ச்சின்" என்ற சொல்லில் இருப்பதும் இதே "ஜிக்"தான். "சொல்ச்சிக்" என்பதோடு "ஹாதா" சேர்ந்தால் "ஒளிவு மறைவில்லாமல் இரு" என்று பொருள்படும் "சொல்ச்சிக்காதா" கிடைக்கும். "ஹி" சேர்ந்தால் வினையடை. ஒரு செயல் எப்படி நடந்தது, அல்லது சொல்பவர் அதை எப்படிப் பார்க்கிறார் என்று காட்டும் சொல்லைத்தான் வினையடை என்கிறோம். தமிழில் "வெளிப்படை" என்பதோடு "ஆக" சேர்ந்து "வெளிப்படையாக" ஆகிறதே, அதே வேலையைத்தான் இந்த "ஹி" செய்கிறது.

இந்த "ஹி" விஷயத்தில் கொரியர்களுக்கே குழப்பம் வரும். சில வினையடைகள் "இ" என்று முடியும், சில "ஹி" என்று முடியும், வேகமாகப் பேசும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கொரிய எழுத்து விதிகளின் 51ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. "ஹி" என்று எழுத வேண்டிய சொற்களுக்கு அது கொடுக்கும் எடுத்துக்காட்டுகளில் சொல்ச்சிக்கியும் உண்டு. எழுதும்போது "ஹி" போட்டுவிடுங்கள்.

நேர்மை வேறு, ஒளிக்காமை வேறு

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். "ஜொங்ஜிக்" என்று இன்னொரு கொரியச் சொல் இருக்கிறது. அதிலும் அதே "நேரான" அசை உண்டு. அதற்கு நேர்மை, பொய் சொல்லாத குணம், ஏமாற்றாத குணம் என்று பொருள். கடையில் மீதிச் சில்லறையைச் சரியாகத் தருகிறவர் ஜொங்ஜிக் ஆனவர். சொல்ச்சிக் அப்படி இல்லை. மனதில் இருப்பதை மறைக்காதவர் சொல்ச்சிக் ஆனவர். ஒருவர் நேர்மையானவராக இருந்துகொண்டே தன் வருத்தத்தை யாரிடமும் காட்டாமல் இருக்கலாம். அவர் ஜொங்ஜிக், ஆனால் சொல்ச்சிக் இல்லை.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், சொல்ச்சிக்கி போடாமல் பேசியபோதெல்லாம் நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று எந்தக் கொரியரும் எடுத்துக்கொள்ள மாட்டார். எல்லாவற்றையும் வெளியே சொல்லவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். எல்லாவற்றையும் வெளியே சொல்லாமல் இருப்பது கொரியச் சமூகத்தில் குறையே இல்லை. எதிரில் இருப்பவரின் முகம், அந்த இடத்தின் சூழ்நிலை இவற்றைப் பார்த்துப் புரிந்துகொண்டு பேசும் திறமைக்கு "நுன்ச்சி" என்று பெயர். நுன்ச்சி இல்லாதவர் என்று பெயர் வாங்குவதை யாரும் விரும்ப மாட்டார்கள். நுன்ச்சி பார்த்துப் பேசுகிற ஒருவர், இந்த இடத்தில் மட்டும் அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறேன் என்று சொல்வதுதான் சொல்ச்சிக்கி.

எந்தப் பகுதியோடு சேர்கிறது?

இப்போது இயங்குமுறைக்கு வருவோம். "வேகமாக ஓடினான்" என்றால் "வேகமாக" என்பது ஓட்டத்தை விவரிக்கிறது. இப்படி வாக்கியத்தில் ஒரு பகுதியை மட்டும் விவரிப்பதைக் கொரியப் பள்ளி இலக்கணம் "சொங்புன் புசா" என்கிறது. உறுப்பு வினையடை என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு வகை உண்டு. அது முழு வாக்கியத்தின் மேலும் உட்காரும், சொல்பவரின் மனநிலையைக் காட்டும். அதற்கு "முன்ஜாங் புசா", அதாவது வாக்கிய வினையடை என்று பெயர்.

உரையாடலில் சொல்ச்சிக்கி பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையைச் செய்கிறது. "சொல்ச்சிக்கி ஜெமியொப்ஸொஸ்ஸொயோ" என்று ஒருவர் ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறார். "ஜெமியொப்ஸொஸ்ஸொயோ" என்றால் சுவாரசியமாக இல்லை. படம் வெளிப்படையான முறையில் போரடித்தது என்று இதற்குப் பொருள் இல்லை. வெளிப்படையாக இருப்பது சொல்கிறவர். முழுதாக விரித்தால் "வெளிப்படையாகச் சொன்னால், படம் சுவாரசியமாக இல்லை" என்று ஆகும்.

தமிழ் பேசுகிறவர் சறுக்குகிற இடம் இதுதான். தமிழில் "வெளிப்படையாகப் படம் அறுவை" என்று சொல்ல முடியாது. "வெளிப்படையாகச் சொன்னால், படம் அறுவை" என்று "சொன்னால்" போட்டே ஆக வேண்டும். கொரிய மொழியில் அந்தச் "சொன்னால்" இல்லாமலே வேலை நடக்கும். வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளலாம். "சொல்ச்சிக்கி மல்ஹாம்யொன்" என்றால் "வெளிப்படையாகச் சொன்னால்". "சொல்ச்சிக்கி மல்ஹேசொ" என்பதும் ஏறக்குறைய அதேதான். தமிழ் வழியாக யோசிக்கிறவர்கள் இந்த நீண்ட வடிவத்தையே எப்போதும் சொல்வார்கள். தப்பில்லை, ஆனால் சாதாரண அரட்டையில் அது கொஞ்சம் கனமாக ஒலிக்கும், ஏதோ பெரிய விஷயம் வரப்போகிறது என்று நினைக்க வைக்கும். நண்பர்களோடு பேசும்போது வெறும் சொல்ச்சிக்கியே போதும்.

வாக்கிய வினையடை என்பதால் இதற்கு இடம் மாறும் சுதந்திரமும் உண்டு. "ஜொனுன் சொல்ச்சிக்கி கு யொங்ஹ்வா ப்யொல்லோயொஸ்ஸொயோ" என்று நடுவிலும் வரலாம். "எனக்கு, உண்மையைச் சொன்னால், அந்தப் படம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை" என்று பொருள். இதில் உள்ள "ப்யொல்லோ" என்ற சொல்லைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். "அப்படி ஒன்றும் இல்லை" என்று சொல்வதற்கு ஏற்ற சொல். சொல்ச்சிக்கியோடு நன்றாக ஒட்டும்.

உறுப்பு வினையடையாகவே ஒரு பேச்சை விவரிக்க வேண்டுமென்றால் "சொல்ச்சிக்காகே" என்ற வடிவம் பாதுகாப்பானது. "சொல்ச்சிக்காகே மல்ஹெஸ்ஸொயோ" என்றால் "ஒளிக்காமல் சொன்னார்". சொல்லும் செயல் எப்படி நடந்தது என்பதை அது காட்டுகிறது. அது கருத்துக்கு முன்னால் போடும் இண்டிகேட்டர் இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சொல்ச்சிக்கி முழு வாக்கியத்துக்கும் முன்னால் உட்கார்ந்து, சொல்பவர் மறைக்காமல் பேசுகிறார் என்று காட்டுகிறது. "சொன்னால்" என்ற பகுதி அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

"உண்மையாக" என்ற குழப்பம்

தமிழில் "உண்மையாகவே" என்ற ஒரே சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்துகிறோம். உண்மையாகவே மழை கொட்டுகிறது, உண்மையாகவே எனக்குப் பிடிக்கவில்லை, உண்மையாகவே வாழ்த்துகிறேன். கொரிய மொழி இவற்றைத் தனித்தனிச் சொற்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது. தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன.

"ஜொங்மல்", "ஜின்ச்சா" இரண்டும் செய்திக்கு அழுத்தம் கொடுப்பவை. மழை கொட்டுகிறது என்றால் "பிகா ஜொங்மல் மானி வாயோ". இங்கே சொல்ச்சிக்கி போட்டால் கேட்பவர் புருவத்தை உயர்த்துவார். மழை பெய்வதை யாரும் மறைத்து வைப்பதில்லையே. ஆனால் "எல்லாருக்கும் வெயில்தான் பிடிக்கும், எனக்கு மழை நாள்தான் பிடிக்கும்" என்று சொல்ல வரும்போது சொல்ச்சிக்கி அழகாகப் பொருந்தும். இங்கே சொல்லப்படுவது உங்கள் விருப்பம், அதுவும் மற்றவர் எதிர்பாராத விருப்பம்.

"சாசில்" என்பது மறைந்திருந்த தகவலைச் சொல்ல. "சாசில், நான் நேற்றே ஊருக்கு வந்துவிட்டேன்" என்பது மாதிரி. தகவல் என்றால் சாசில், கருத்தோ உணர்ச்சியோ என்றால் சொல்ச்சிக்கி. எல்லைக்கோடு எப்போதும் இவ்வளவு நேராக இருக்காது, இரண்டும் பொருந்துகிற இடங்கள் உண்டு. ஆனால் ஆரம்பத்தில் இப்படிப் பிரித்துக்கொள்வது கைகொடுக்கும்.

"ஜின்சிமுரோ" என்பது "மனதார". வாழ்த்தும்போதும் மன்னிப்புக் கேட்கும்போதும் இதுதான் வர வேண்டும். தோழிக்கு வேலை உயர்வு கிடைத்திருக்கிறது. "ஜின்சிமுரோ சுக்காஹேயோ" என்றால் மனதார வாழ்த்துகிறேன். அதையே "சொல்ச்சிக்கி சுக்காஹேயோ" என்று சொன்னால் என்ன ஆகும்? இண்டிகேட்டர் எரிகிறது. எதிர்பார்த்ததற்கு மாறாக ஏதோ வரப்போகிறது என்று அவர் காத்திருக்கிறார். வந்தது வாழ்த்து. அப்படியென்றால் இவ்வளவு நேரம் வாழ்த்த மனமில்லாமல் இருந்தாயா, இப்போதுதான் மனம் வந்ததா என்று கேட்க வேண்டியதாகிவிடும். அன்பாகச் சொல்ல நினைத்தது புண்படுத்திவிடும். மன்னிப்பும் அப்படித்தான். தவறை ஒப்புக்கொள்வதற்கு முன்னால் சொல்ச்சிக்கி வரலாம். "சொல்ச்சிக்கி ஜேகா ஜல்மொத்தெஸ்ஸொயோ", அதாவது "உண்மையில் என் மேல்தான் தப்பு" என்பது இயல்பான பேச்சு. வருத்தம் தெரிவிக்கும் வாக்கியத்துக்கு ஜின்சிமுரோதான்.

இத்தனைக்கும் ஒரே ஒரு சோதனை போதும். சொல்ச்சிக்கி போடுவதற்கு முன்னால் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: "நான் இதை மறைத்திருந்தால், இதற்குப் பதிலாக என்ன சொல்லியிருப்பேன்?" உடனே ஒரு பதில் தோன்றினால் சொல்ச்சிக்கி அங்கே பொருந்தும். எதுவும் தோன்றவில்லை என்றால் வேறு சொல்லைத் தேடுங்கள்.

"க்வென்ச்சானா" என்ற மூடி

அந்தச் சோதனை வேலை செய்வதை நேரில் காட்டும் ஒரு ஜோடி உண்டு. ஒரு பெண்ணின் பிறந்தநாளை மறந்துவிட்ட நண்பன் மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறான். அவள் "க்வென்ச்சானா" என்கிறாள். "பரவாயில்லை" என்று பொருள். பேச்சு வேறு எங்கோ போகிறது. கொஞ்ச நேரம் கழித்து அவளே சொல்கிறாள்: "சொல்ச்சிக்கி ஜொம் சொஉன்ஹெஸ்ஸொ."

"ஜொம்" என்றால் கொஞ்சம். "சொஉன்ஹாதா" என்பது கொரிய மொழியில் எனக்கு மிகவும் பிடித்த உணர்ச்சிச் சொல். முன்பின் தெரியாதவர் மேல் இது வராது. நெருக்கமானவர் நாம் எதிர்பார்த்த ஒன்றைச் செய்யாமல் விட்டால் வருகிற வருத்தம் இது, கோபத்தைவிட மெல்லியது. "நீயே இப்படிச் செய்துவிட்டாயே" என்று நாம் மனத்தாங்கலாகச் சொல்வோமே, அந்த உணர்வு. மேலே "க்வென்ச்சானா" மூடியாக இருந்தது, கீழே "சொஉன்" இருந்தது, மூடியைத் திறந்த கை சொல்ச்சிக்கி. மறைத்த பதில் எது, திறந்த பதில் எது என்பது இங்கே கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. கொரிய டிராமாக்களில் இப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் பாருங்கள். சொல்ச்சிக்கி வருகிற காட்சிக்குக் கொஞ்சம் முன்னால் பெரும்பாலும் ஒரு "க்வென்ச்சானா" இருக்கும், அல்லது பதில் சொல்லாமல் நழுவிய ஒரு நொடி இருக்கும்.

திறந்து காட்டுவது வருத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. "சொல்ச்சிக்கி கிதே அன் ஹென்னுன்தே ஜின்ச்சா ஜெமிஸ்ஸொஸ்ஸொயோ" என்பது பாராட்டு. "உண்மையைச் சொன்னால் பெரிதாக எதிர்பார்க்கவில்லை, ஆனால் ரொம்ப நன்றாக இருந்தது." மறைத்திருந்த விஷயம், முன்னால் நம்பிக்கை இல்லாமல் இருந்தது. அதைத் திறந்து காட்டியதால் பின்னால் வரும் பாராட்டுக்கு எடை கூடுகிறது.

கேள்வியில் வந்தால் ஆள் மாறிவிடும்

இது சின்ன விஷயம், ஆனால் பலரும் கவனிப்பதில்லை. சாதாரண வாக்கியத்தில் மறைக்காமல் இருப்பது சொல்கிறவர். கேள்வியில் அந்தப் பொறுப்பு கேட்கப்படுகிறவர் தலைக்குப் போய்விடும். "சொல்ச்சிக்கி ஒத்தேயோ?" என்றால் "மறைக்காமல் சொல்லுங்கள், எப்படி இருக்கிறது?" கேள்வி கேட்கிறவர் தன்னை வெளிப்படுத்தவில்லை, உங்களை வெளிப்படையாகப் பேசச் சொல்கிறார். "சொல்ச்சிக்கி மல்ஹே ப்வா" என்பதும் அப்படித்தான், "ஒளிக்காமல் சொல் பார்க்கலாம்" என்று.

இந்தக் கேள்வி ஒரு அனுமதிச் சீட்டு. அதற்காக மனதில் இருப்பதை எல்லாம் கொட்டிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. எப்படிச் சொல்கிறோம் என்பது அப்போதும் நம் கையில்தான்.

மென்மை வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறது

சொல்ச்சிக்கிக்கு மரியாதை அளவு என்று எதுவும் கிடையாது. நண்பனிடமும் அதே சொல், முதலாளியிடமும் அதே சொல். கொரிய மொழியில் மரியாதையைக் காட்டுவது முக்கியமாக வாக்கியத்தின் கடைசியில் வரும் வினைமுற்று. தமிழைப் போலவே அங்கும் வினை கடைசியில் வருவதால் இது நமக்கு அந்நியமாக இருக்காது. "வா", "வாங்க" வித்தியாசம் மாதிரி அங்கே நெருக்கமானவர்களிடம் பேசும் "பன்மல்" உண்டு, மரியாதையோடு பேசும் "ஜொன்தென்மல்" உண்டு.

மரியாதை விகுதி போட்டுவிட்டால் மட்டும் வாக்கியம் மென்மையாகிவிடாது. ஒரு வீட்டில் "சொங்குக்ச்சாங்" கொடுக்கிறார்கள். நொதித்த சோயா விழுதில் கொதிக்க வைத்த குழம்பு, வாசனை அறையை நிறைத்துவிடும். பழகாதவர்களுக்கு முதல் முறை சிரமம்தான். வீட்டுக்கார அம்மா "ஒத்தேயோ?" என்று கேட்கிறார்.

"சொல்ச்சிக்கி மாதொப்ஸொயோ." ருசியாக இல்லை. இலக்கணம் சரி, கடைசியில் மரியாதைக்கு "யோ" இருக்கிறது. ஆனாலும் அந்த அம்மாவின் முகம் வாடிவிடும். வேகம் குறைக்காமல் வண்டியைத் திருப்பிய கதைதான்.

"சொல்ச்சிக்கி ஜே இம்மாசெனுன் ஜொம் அன் மன்னுன் கொத் காத்தாயோ." இதுவும் பிடிக்கவில்லை என்றுதான் சொல்கிறது. துண்டு துண்டாகப் பாருங்கள். "ஜே இம்மாசெனுன்" என்றால் "என் நாக்குக்கு". கடைசியில் உள்ள "னுன்" முக்கியம், "மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு" என்ற தொனியை அது கொண்டுவருகிறது. "ஜொம்" என்றால் கொஞ்சம். "அன் மன்னுன்" என்றால் ஒத்துவராத. "கொத் காத்தாயோ" என்றால் "போலத் தோன்றுகிறது". குறை குழம்பிலிருந்து என் நாக்குக்கு இடம் மாறிவிட்டது, உறுதி "போல" என்று தளர்ந்துவிட்டது. கருத்து மாறவில்லை, அடி மட்டும் குறைந்தது.

இன்னொரு வழியும் உண்டு. "சொல்ச்சிக்கி நெம்செகா ஜொம் காங்ஹான்தே, மொகொ போனிக்கா மாசிஸ்ஸொயோ." வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, ஆனால் சாப்பிட்டுப் பார்த்தால் ருசியாக இருக்கிறது. "ன்தே" என்ற இணைப்பு, சங்கடமான பாதியைப் பின்னணிக்குத் தள்ளிவிட்டு நல்ல பாதியை முன்னால் கொண்டுவருகிறது. ருசி உண்மையிலேயே பிடித்திருந்தால் மட்டும் இதைச் சொல்லுங்கள். சொல்ச்சிக்கி போட்டுவிட்டு முகஸ்துதி பாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, அடுத்த முறை அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்காது.

"கொத் காத்தாயோ" பற்றி ஒரு எச்சரிக்கை. இது வசதியாக இருப்பதால் எல்லாவற்றிலும் சேர்க்கும் பழக்கம் கொரிய இளைஞர்களிடமே இருக்கிறது. தன் உணர்ச்சியைப் பற்றிப் பேசும்போதும் "எனக்குச் சந்தோஷமாக இருப்பது போல இருக்கிறது" என்று சொல்வதை மொழி ஆர்வலர்கள் கண்டிக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உங்களுக்குக் களைப்பாக இருக்கிறதா இல்லையா என்பது உங்களுக்கே தெரியும். அங்கே "போல" எதற்கு? ஒரு பொருளைப் பற்றிய மதிப்பீட்டுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மேலதிகாரியிடம் பேசும்போது நீண்ட வடிவத்துக்கு மாறிவிடுவது நல்லது. "சொல்ச்சிக்கி மல்ஸும் துரிம்யொன்" என்பதில் சொல்லுதலைக் குறிக்கும் வினை பணிவான வடிவத்துக்கு மாறியிருக்கிறது. தென் கொரியாவுக்கு வேலைக்குப் போகிற இலங்கைத் தொழிலாளர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். சிறு தொழிற்சாலைகளில் முதலாளியை "சாஜாங்நிம்" என்று அழைப்பார்கள். வேலை நேரம் முடிந்த பிறகும் இரவில் தொடரும் வேலைக்கு "யாகுன்" என்று பெயர். "சாஜாங்நிம், சொல்ச்சிக்கி மல்ஸும் துரிம்யொன் யோஜும் யாகுனி மானாசொ ஜொம் ஹிம்தும்நிதா." அதாவது, "ஐயா, மறைக்காமல் சொல்ல வேண்டுமென்றால், இப்போதெல்லாம் இரவு வேலை அதிகமாக இருப்பதால் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது." காரணம் முன்னால் வருகிறது, சிரமம் பின்னால் வருகிறது, முடிவு முழு மரியாதை வடிவத்தில் நிற்கிறது. வாய்விட்டுச் சொல்லவே முடியாது என்று பலர் நினைக்கிற ஒன்றை இப்படிச் சொல்லிவிட முடியும்.

சுருக்கமாக: இண்டிகேட்டர் சொல்ச்சிக்கி. வேகத்தைக் குறைப்பது "ஜொம்", "எனக்கு", "கொத் காத்தாயோ", "ன்தே", வினைமுற்று இவை எல்லாம்.

போடக் கூடாத இடங்கள்

இணையத்தில் "சொல்க்காமல்" என்று ஒரு சுருக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். "சொல்ச்சிக்கி க்கானோகோ மல்ஹேசொ" என்பதன் முதல் அசைகள் அவை. "உடைத்துச் சொன்னால்" என்கிற மாதிரி முரட்டுத் தொனி. ஒரே வயது நண்பர்கள் சொல்லும்போது புரிந்துகொண்டால் போதும். பெரியவர்களிடம் வேண்டாம்.

டோபிக் என்ற கொரிய மொழித் தேர்வின் உயர்நிலைத் தாளில் 54ஆம் கேள்வி 600 முதல் 700 எழுத்துகளில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லும். அங்கேயும் இந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். இது முகத்துக்கு முகம் பேசும் பேச்சுக்கான சொல். கட்டுரையில் கருத்துச் சொல்ல அந்த நடைக்கு உரிய தொடர்கள் இருக்கின்றன.

அப்புறம், அடிக்கடி போடுவது. ஒரே உரையாடலில் வாக்கியத்துக்கு வாக்கியம் சொல்ச்சிக்கி வந்தால் எதிரில் இருப்பவருக்கு அது குறை சொல்லும் பழக்கமாகவே கேட்கும். திறக்க வேண்டிய ஒன்று இருக்கும்போது மட்டும் போடுங்கள்.

எதிரில் இருப்பவர் போட்டால்

ஒரு கொரியர் உங்களிடம் சொல்ச்சிக்கி என்று ஆரம்பித்தால், கொஞ்சம் நிதானித்துக் கேளுங்கள். அவர் உங்களிடம் ஒன்றைத் திறந்து காட்டப் போகிறார். உடனே மறுக்கவோ விளக்கம் கொடுக்கவோ போகாமல், முதலில் "குரெஸ்ஸொயோ?" என்று கேட்கலாம். "அப்படியா?" என்று பொருள். அவர் சொன்னது வருத்தமாக இருந்தால், அதன் பிறகு சொல்ல ஏற்ற வாக்கியம் "சொல்ச்சிக்காகே மல்ஹே ஜ்வோசொ கொமாவொயோ." ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி. இங்கே சொல்ச்சிக்காகே வந்திருப்பதைக் கவனியுங்கள். அவர் எப்படிச் சொன்னார் என்பதைக் காட்டுகிற உறுப்பு வினையடை அது.